தெளிக்கும் தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

களைக்கொல்லி அடித்தும் களை சாகவில்லை என்றால், மருந்து போலி என்றோ அளவு போதவில்லை என்றோ முடிவுகட்டி, அடுத்த முறை அளவைக் கூட்டிவிடுகிறோம். மருந்தைக் கரைத்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதில்லை. நானும் சந்தேகப்பட்டதில்லை. மக்காச்சோளத்தில் 2,4-டி அமைன் உப்பு என்ற களைக்கொல்லியை அடித்தபோது, மருந்தை ஊற்றிய சற்று நேரத்தில் டேங்கில் இருந்த தண்ணீர் திரிந்த பாலைப் போலாகி, நாசில் வடிகட்டியில் வெள்ளையாகத் திப்பி அடைத்துக்கொண்டது. முறுக்கிக்கொண்டு கிடந்த பார்த்தீனியம் பத்தே நாளில் மறுபடி துளிர்த்தது. வீட்டில் சோப்பு நுரைக்காமல், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும் அதே தண்ணீர்தான் அது.

இப்படிப்பட்ட கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் 2,4-டி, கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகளோடு பிணைந்துகொள்வதால் மருந்து இலைக்குள் சரியாக இறங்குவதில்லை. (கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவிட்டது.) உரக்கடையில் கிடைக்கும் அமோனியம் சல்பேட்டை 10 லிட்டர் தண்ணீருக்கு 100 முதல் 200 கிராம் வரை முதலில் கரைத்து, துணியில் வடிகட்டி, அதன் பிறகே மருந்தை ஊற்றினால், சல்பேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, மருந்து அமோனியத்தோடு சேர்ந்து இலைக்குள் எளிதாகச் செல்கிறது. இந்த வரிசை மாறினால் பலன் குறைந்துவிடும். சல்பேட் இல்லாத யூரியா இதற்கு ஈடாகாது. ஒட்டும் திரவம் துளியை இலையில் பரப்புமே தவிரக் கடினத்தன்மையைப் போக்காது. மண்ணில் தெளிக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லிக்கு அமோனியம் சல்பேட் தேவையே இல்லை. பயிரின் மேல் படும்படி அடிப்பவர்கள், இலை கருகுகிறதா என்று முதலில் ஒரு பாத்தியில் பார்த்துக்கொள்வது நல்லது.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் பரிசோதித்து, அது எந்தப் பயிருக்கு ஏற்றது என்று எழுதித் தருகிறார்கள். அந்த அறிக்கையிலேயே, இந்தத் தண்ணீரில் களைக்கொல்லி கரைக்கலாமா, அமோனியம் சல்பேட் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்துக் கொடுக்குமாறு துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மக்காச்சோள விவசாயி,
நாமக்கல் மாவட்டம்.