ஆமதாபாத்தில் புல்தரை அமைக்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் ஏற்பாட்டாளர்களுக்கும், புல்தரையில் பந்தை உருட்டி ஆடும் லான் பௌல்ஸ் ஆட்டத்தின் நம் நாட்டு நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

போட்டிக்கெனப் புல்தரைகளுக்கு இடம் தேடும் வேளையில், உங்கள் மேசைமீது ஓர் ஆங்கிலேயரின் ஆட்ட வாழ்க்கையை எடுத்து வைக்க விரும்புகிறேன். சாமர்செட்டின் கடலோரச் சிற்றூரான கிளீவ்டனில் 1931இல் பிறந்து, 2020 ஆகஸ்டில் தமது 88ஆம் வயதில் மறைந்த டேவிட் பிரையன்ட் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். வாயில் புகைக்குழாயைக் கவ்வியபடியே ஆடியவர். பந்தை விடுமுன் தரையோடு தரையாகக் குந்தி, நூல்பிடித்தாற்போல் கோட்டைப் பார்த்து, பிறகு மெல்ல எழுந்து ஓரடி முன்வைத்து உருட்டுவது அவருடைய பாணி. இந்த ஆட்டத்துப் பந்து நேராக ஓடாது. ஒரு பக்கம் சாயுமாறே செய்யப்பட்டிருப்பதால், வேகம் குறையக் குறைய வளைந்துகொண்டே போய், ஜாக் எனப்படும் சிறு பந்தின் அருகே நிற்க வேண்டும். காலை ஈரத்தில் மெதுவாக ஓடும் அதே தரை பிற்பகல் வெயிலில் விரைவாகிவிடும். ஆகவே இது வலிமையைவிடப் பழக்கத்தைக் கேட்கும் ஆட்டம். அந்தப் பழக்கமோ ஆண்டுக்கணக்கில் கால்பட்ட தரையில்தான் வரும்.

1962இல் பெர்த்தில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஒற்றையரிலும் நால்வர் ஆட்டத்திலும் தங்கம் வென்ற பிரையன்ட், அடுத்து 1966இல் கிங்ஸ்டனில் நடந்த போட்டிக்குப் போகவில்லை. காரணம், அங்கே லான் பௌல்ஸே சேர்க்கப்படவில்லை. அதே ஆண்டில் சிட்னியில் முதல் உலகப் போட்டி நடந்தபோது ஒற்றையர் பட்டத்தை வென்று திரும்பினார். பின்னர் 1970, 1974, 1978 என மூன்று காமன்வெல்த் ஒற்றையர் தங்கங்கள். 1980இலும், 56 வயதில் 1988இலும் மறுபடி உலகப் பட்டங்கள். உள்ளரங்க உலக ஒற்றையர் போட்டி 1979இல் தொடங்கியபோது முதல் மூன்று ஆண்டும் அவரே வென்றார். டோனி ஆல்காக்குடன் இணைந்து ஆடிய இரட்டையர் பட்டத்தை 60 வயதிலும் (1992) விட்டுக்கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவே இங்கிலாந்தின் தேசியப் போட்டிகளில் அவர் பெயரோடு எழுதப்பட்டது கிளீவ்டன் கிளப்பின் பெயர்தான். உலகப் பட்டத்தோடு ஊர் திரும்பியவர் தம் ஊர் கிளப்புக்காக மற்ற மூவருடன் சேர்ந்து ஆடியதை நான் அவருடைய பதக்கங்களைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். அங்குள்ள கிளப்புகளில் பெரும்பாலான வேலைகளை உறுப்பினர்களே பார்க்கிறார்கள்: ஆட்ட அட்டவணை போடுவதும், தேநீர் தயாரிப்பதும், நடுவராக நிற்பதும், புதிதாக வந்தவனுக்குப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் அவர்களே. தாம் அறிந்த நுணுக்கங்களைப் பிரையன்ட் புத்தகமாகவும் எழுதிவைத்தார். அரசு அவருக்கு 1969இலும் 1980இலும் விருதளித்துச் சிறப்பித்தது. அதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை.

நமக்கு இது அந்நியக் கதை அன்று. 2022 காமன்வெல்த் போட்டியில், ஆகஸ்டு 2ஆம் நாள், லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்க்கி ஆகிய நால்வரும் தென்னாப்பிரிக்காவை 17-10 என வென்று தங்கம் பெற்றபோதுதான் இப்படியோர் ஆட்டம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியவந்தது. அவர்களுள் பிங்கி, பிரையன்ட்டைப் போலவே பள்ளி ஆசிரியை. 2010 தில்லிப் போட்டிக்கான பயிற்சித் தரை அவர் பணிபுரிந்த பள்ளியில் அமைந்ததால் ஆட்டத்துக்குள் வந்தவர். விளையாட்டு அரங்கின் வேலிக்கு வெளியே, ஆட்கள் அன்றாடம் நடமாடும் இடத்தில் போட்ட ஒரு தரை, பன்னிரண்டு ஆண்டுகளில் தந்த பலன் இது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. போட்டிக்கான தரைகளோடு, பயிற்சித் தரைகளையேனும் பள்ளிகளிலும் நகராட்சிப் பூங்காக்களிலும் அமையுங்கள். போட்டி முடிந்த மறுநாள் அவற்றைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைத்துவிடாமல், சிறு கட்டணம் செலுத்தும் உள்ளூர் உறுப்பினர்களின் கிளப் ஒன்றிடம் ஒப்படையுங்கள். புல்லை வெட்டி, உருளை ஓட்டி, மழைக்காலத்தில் நீர் வடியவைத்துக் காப்பதற்கு ஒருவருக்கு நிரந்தரச் சம்பளம் ஒதுக்குங்கள். கவனிப்பாரின்றி விட்டால் ஒரே பருவத்தில் அது வெறும் மைதானமாகிவிடும். ஓய்வுபெற்றவர்களையும் பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் முதல் நாளிலிருந்தே உறுப்பினராக்குங்கள். ஒப்படைப்பதற்கான விதிகளைத் தரை போடுவதற்கு முன்பே, 2030க்குக் காத்திராமல், எழுதி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லான் பௌல்ஸை விரும்பிப் பார்க்கும் ஒரு பார்வையாளன்