கருகல் வாடை

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். நான்கு மாதங்களாக ஒரு வரியும் எழுதாததற்கான வசவுகளை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவது என் வாஷிங் மெஷினைப் பற்றி. சிரிக்காதே, அந்தப் பழைய மிக்ஸி விவகாரத்தையும் இழுக்காதே.

மூன்று வாரங்களாக மெஷினைப் போடும்போதெல்லாம் கருகல் வாடை வந்துகொண்டிருந்தது. பெல்ட்தான் தேய்ந்து நாறுகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், பெல்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை; கீழே கருந்தூளும் உதிர்ந்திருக்கவில்லை. டிரம்மைக் கையால் சுழற்றினேன். கரகரப்பின்றிச் சுழன்றதால் பேரிங்கும் தப்பித்தது. தண்ணீரை வெளியேற்றும் பம்ப்பின் வடிகட்டியைத் திருகி எடுத்ததில் இரண்டு கொண்டை ஊசிகளும், நான் தேடி அலுத்த சட்டைப் பொத்தானும் கிடைத்தன. வாடைக்குக் காரணம் கிடைக்கவில்லை. சரி, மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து பொறி பறக்கிறது போலும் என்று மெஷினுக்கு இரங்கற்பா பாடத் தயாரானேன்.

அப்போதுதான், முன்பு நீ தொலைபேசியில் கேட்டு, நான் கேலி செய்த அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது: "எந்தக் கட்டத்தில் நாறுகிறது?" தகட்டை மூடி, மெஷினை மீண்டும் ஓடவிட்டு, பக்கத்திலேயே காவல் இருந்தேன். துணி பிழியும் வேகச் சுழற்சியில் வந்திருந்தால் பெல்ட்டையோ மோட்டாரையோ சந்தேகிக்கலாம்; தண்ணீர் வெளியேறும்போது என்றால் பம்ப்பை. எனக்கோ தொடக்கத்திலேயே, தண்ணீர் சூடேறும் வேளையில் வந்தது. அதுவும் ரப்பர் வாடையன்று. பிளாஸ்டிக் இளகும்போது எழுகிற, கெட்ட மீனை ஒத்த காட்டம். மெஷினில் மின்சாரத்தை மிகுதியாக இழுப்பது ஹீட்டர்தான், ஏறக்குறைய 2000 வாட். அத்தனையும் மெஷினைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவினேன். ஒரு முனை கறுத்திருந்தது. அது செருகியிருந்த துளை உருகிக் கோணியிருந்தது. பிடிமானம் தளர்ந்த இடத்தில் மின்தடை கூடிச் சூடேறுகிறது. அந்தச் சூட்டிலேயே பிடிமானம் மேலும் தளர்கிறது. நான் மெஷினைக் குடைந்துகொண்டிருந்த நாளெல்லாம் இது சுவரோரம் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

மூன்று வாரமும் இரவில் துணியைப் போட்டுவிட்டு நாங்கள் உறங்கப் போயிருக்கிறோம். இதை விளையாட்டாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

எலக்ட்ரீஷியனை அழைத்துப் பிளக்கை மாற்றி, மெஷினுக்கென்று சுவரிலேயே தனிச் சாக்கெட் பொருத்தியாயிற்று. வாடை நின்றுவிட்டது. உன்னைக் கேலி செய்ததற்கு மன்னிப்பும் இத்துடன் கேட்டாயிற்று, இதற்குமேல் எதிர்பார்க்காதே.

கடிதம் எழுத உட்கார்ந்ததன் காரணம் வேறு. அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நாம் இருவரும் ஒரே நாளில், ஒரே ரகத்தில், ஆளுக்கொன்றாக வாங்கினோம். உன்னுடையதில் இப்போது எது செருகியிருக்கிறதோ தெரியாது. இதைப் படித்த கையோடு எழுந்து போய், சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவிப் பார். முனை கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் நிறம் மாறியிருந்தாலோ அந்த பாக்ஸைத் தூக்கி எறிந்துவிட்டுப் பதில் எழுது.

அன்புடன்,
மூக்கிருந்தும் பயனில்லாத உன் நண்பன்