அந்த 12 பாட்டுகள்: ரே சார்லஸுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ரே சார்லஸ் ஐயாவுக்கு,

நேற்று ராத்திரி உங்களுடைய 1962ஆம் வருட இசைத்தட்டை மறுபடியும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்'. கறுப்பினப் பாடகரான நீங்கள், அமெரிக்க வெள்ளையர்களின் கிராமத்துப் பாட்டு என்று சொல்லப்பட்ட கன்ட்ரி பாட்டுகளைப் பாடிய தட்டு. நீங்கள் மறைந்து 20 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேராது என்று தெரியும். இருந்தாலும் இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது.

முதல் தடவை கேட்டபோது அவை எந்த வகைப் பாட்டுகள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதர் மனம் உடைந்து பாடுகிறார், பின்னால் வயலின்கள் மெதுவாக எழும்புகின்றன, அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. உங்கள் ஊரில் அந்தப் பாட்டுகளைச் சுற்றி எவ்வளவு உயரமான வேலி இருந்தது என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1920களில் இசைத்தட்டு கம்பெனிகள் போட்ட வேலி அது. அமெரிக்காவின் தெற்கத்திப் பாட்டைக் கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி'. மெட்டும் தாளமும் பல சமயம் ஒன்றாகவே இருந்தன. கன்ட்ரி இசையின் அடையாளமாகக் காட்டப்படும் பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடமிருந்து வந்த வாத்தியம்தான். ஆனால் விற்கும்போது பட்டியல் வேறு, விளம்பரம் வேறு. ஹில்பில்லி என்ற பெயர் பின்னால் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் ஆனது, ரேஸ் என்பது ரிதம் அண்ட் ப்ளூஸ் ஆனது. பெயர்தான் மாறியது. வேலி அப்படியே நின்றது.

நீங்கள் ஜார்ஜியாவில் பிறந்து, ஃபுளோரிடாவில் கிரீன்வில் என்ற சின்ன ஊரில் வளர்ந்தீர்கள். ஏழு வயதுக்குள் பார்வை முழுவதும் போய்விட்டது. சனிக்கிழமை ராத்திரிகளில் கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்து வானொலியின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியைக் கேட்பதற்காகவே அம்மா உங்களைக் கூடுதல் நேரம் விழித்திருக்க விடுவாராம். அம்மா போன பிறகு, பியானோவை மட்டும் நம்பி ஊர் ஊராக அலைந்த நாட்களில், டாம்பா நகரத்தில் 'ஃபுளோரிடா பிளேபாய்ஸ்' என்ற வெள்ளையர்களின் கன்ட்ரி குழுவில் வாசித்தீர்கள். 1940களின் கடைசி அது. இனப் பிரிவினை சட்டமாகவே இருந்த காலம். ஆக, 1962இல் நீங்கள் செய்த காரியம் திடீரென்று வந்த ஆசை இல்லை. சின்ன வயதில் காதில் ஏறிய பாட்டு, வெளியே வர வேளை பார்த்துக் காத்திருந்தது.

அந்த வேளையை உங்களுக்கு வாங்கித் தந்தது ஒரு ஒப்பந்தம். ஏபிசி பாரமவுன்ட் கம்பெனியில் சேர்ந்தபோது என்ன பாடுவது என்ற முடிவையும், ஒலிப்பதிவு மூலங்களின் உரிமையையும் கேட்டு வாங்கியிருந்தீர்கள். அன்றைக்கு மிகச் சிலருக்கே கிடைத்த சலுகை. கன்ட்ரி பாடப் போகிறேன் என்று நீங்கள் சொன்னதும், இருக்கிற ரசிகர்களும் போய்விடுவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் பயந்தார்கள். அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்தப் பயமே ஜெயித்திருக்கும். உங்கள் துணிச்சலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு உங்கள் முன்யோசனைதான் அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

தயாரிப்பாளர் சிட் ஃபெல்லரிடம் நல்ல கன்ட்ரி பாட்டுகளாகத் திரட்டித் தரச் சொன்னீர்கள். பிப்ரவரி மாதத்தில் நியூயார்க்கில் ஜாஸ் பிக் பேண்டோடு ஒரு பாதி, ஹாலிவுட்டில் மார்ட்டி பெய்ச் அமைத்த வயலின்களும் கோரஸுமாக இன்னொரு பாதி. 12 பாட்டுகள் தயார்.

அதே வருடங்களில் நாஷ்வில்லிலும் கன்ட்ரியைப் பாப் வானொலிக்குள் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருந்தது. ராக் அண்ட் ரோல் வந்து விற்பனையைச் சரித்துவிட்டதால், தயாரிப்பாளர்கள் செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும், கிராமத்துப் பாணியில் வாசிக்கும் வயலினான ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் ஓரங்கட்டி, வயலின் வரிசையையும் மென்மையான கோரஸையும் வைத்துப் பாட்டை மெருகேற்றினார்கள். பாடகி பாட்சி கிளைன் அப்படித்தான் பாப் பட்டியலுக்குள் வந்தார். அவர் குரலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த மெருகில் ஒரு கூச்சம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கிராமத்து வாடை வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்கிற கூச்சம். உங்கள் தட்டிலும் ஃபிடில் இல்லை, ஸ்டீல் கிதார் இல்லை. ஆனால் கூச்சமும் இல்லை. ஒரு விவசாயக் கூலியோ லாரி ஓட்டுநரோ ராத்திரி தனியாக உட்கார்ந்து நினைத்து நினைத்து உருகுவதை அப்படியே, அதன் வேகத்திலேயே பாடினீர்கள்.

'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கன்ட்ரி பாடலாசிரியர் டான் கிப்சன் 1957இல் எழுதியது. அவர் பாடியபோது இன்னொரு பாட்டின் மறுபக்கத்தில் வந்த பாட்டு. உங்கள் தட்டிலும் 12இல் 11ஆவது இடம்தான் கிடைத்தது. அதை ஹிட் ஆகும் என்று யாரும் நினைக்கவில்லை.

அதில் நீங்கள் செய்ததை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை. கோரஸ் முதலில் வருகிறது. சுத்தமான, இனிமையான, மடிப்புக் கலையாத வெள்ளைப் பாப் கோரஸ். அவர்கள் ஒரு வரியைப் பாடி நிறுத்துகிறார்கள், நீங்கள் பதில் சொல்கிறீர்கள். மறுபடி அவர்கள், மறுபடி நீங்கள். கறுப்பர்களின் தேவாலயத்தில் போதகரும் சபையும் மாற்றி மாற்றிப் பாடும் முறை அது. அந்த மென்மையான ஏற்பாட்டின் நடுவில் ஒரு தேவாலயத்தையே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டீர்கள். கோரஸ் வரியை நேராகப் பாடுகிறது, நீங்கள் அதற்குப் பின்னால் தயங்கி, கொஞ்சம் தாமதமாக, தொண்டை கரகரக்க வந்து சேர்கிறீர்கள். கடைசிப் பகுதியில் அந்தக் கோரஸைப் பார்த்து, பாடுங்கள் பிள்ளைகளே என்று ஒரு வார்த்தை சொல்கிறீர்கள். அந்த இடத்தில் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அவர்களையும் உங்கள் சபையில் சேர்த்துக்கொண்ட குரல் அது.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. டாப் ஹன்டர் என்ற வெள்ளை நடிகர் உங்கள் ஏற்பாட்டையே நகலெடுத்துத் தனித் தட்டாகக் கொண்டுவந்தார். உங்கள் கம்பெனி பதறிப்போய், நாலு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டைச் சுருக்கி அவசரமாக வெளியிட்டது. பில்போர்டு பத்திரிகையின் பாப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். முழு இசைத்தட்டு 14 வாரம் முதலிடம்.

எனக்குத் தாங்க முடியாத இரண்டு விஷயங்கள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. நாடே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த அந்த வருடத்தில், பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் அது இடம்பெறவே இல்லை. ஒரு கன்ட்ரி பாடலாசிரியர் எழுதியது, தலைப்பிலேயே கன்ட்ரி என்று எழுதி வந்த தட்டு, ஆனாலும் இல்லை. இரண்டாவது, அதே பாட்டுக்குக் கிராமி விருது கொடுத்தார்கள், சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பதிவு என்று. பாட்டு எந்த வகை என்பதைப் பாடியவரின் தோலைப் பார்த்துத் தீர்மானித்திருக்கிறார்கள். தீர்மானித்தவர்களுக்குக் கண் இருந்தது. அந்தப் பாட்டுகளை வானொலியில் கேட்டே அறிந்த உங்களுக்கு அந்தப் பிரிவு ஒருநாளும் அர்த்தப்பட்டிருக்காது.

1985இல் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனோடு சேர்ந்து பாடிய பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் வந்தது. அதற்கு 23 வருடம் ஆகியிருக்கிறது. கன்ட்ரி கலைஞர்களைக் கௌரவிக்கும் நாஷ்வில்லின் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் உங்களைச் சேர்த்தது 2022இல். அதைப் பார்க்க நீங்கள் இல்லை.

வேலி போய்விட்டதா என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் பாட்டைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து பில்போர்டு எடுத்துவிட்டது. அது பாப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. 2024இல் பியான்சேயின் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அந்தச் செய்தியைப் படித்தபோது உங்கள் நினைவுதான் வந்தது.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், ரொம்ப நாளாக மனதில் இருப்பது. நீங்கள் சின்னப் பையனாகக் கேட்ட அந்த ஆப்ரி நிகழ்ச்சியில் டெஃபோர்டு பெய்லி என்று ஒருவர் மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். ரயில் தூரத்திலிருந்து வந்து, கடந்து, மறைவதை அப்படியே வாயில் கொண்டுவருவார். அந்த மேடையின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர், கறுப்பர். 1941இல் அவரை நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு அப்போது பத்து, பதினோரு வயது இருக்கும். அந்த ரயில் சத்தத்தை நீங்கள் கேட்டீர்களா ஐயா? கேட்டிருந்தால், அதை வாசித்தவர் உங்களைப் போன்ற ஒருவர்தான் என்று அந்த ராத்திரிகளில் யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

அன்புடன்,
உங்கள் ரசிகன்