டின் கடலையைக் குறை சொல்வதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

காய்ந்த பயறா, டின் பயறா என்று தங்கள் சமையல் பக்கத்தில் வந்த ஒப்பீடு விலையையும் நேரத்தையும் மட்டுமே பார்த்தது. ஆனால் “ராத்திரி முழுக்க ஊறியும் கடலை வேகவில்லை” என்ற சலிப்பில்தான் பலர் டின்னுக்குப் போகிறார்கள். ஏன் வேகவில்லை என்பதைச் சொல்லியிருக்கலாம்.

முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பயறின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசையை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் தோல் இளகாது. ஊறவைக்க, வேகவைக்க இரண்டுக்குமே உப்புச்சுவை இல்லாத குடிநீர்தான் சரி. ஊறும்போது சமையல் உப்பு சேர்த்தால் பயறு விறைத்துவிடும் என்பார்கள். நடப்பது நேர் எதிர். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து 8 மணி நேரம் ஊறவிட்டால், சோடியம் அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தோல் மெத்தென்று வேகும். அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவையுங்கள். ஆப்பசோடாவும் வேகவைக்கும்தான், ஆனால் வைட்டமின் பி1 சத்து போகும், கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வரும்.

அடுத்தது பழைய சரக்கு. வெக்கையிலும் ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பயறு எந்த வைத்தியத்துக்கும் மசியாது. ஊறிய பிறகும் சுருங்கிக் கல்லாகக் கிடப்பவற்றைப் பொறுக்கி எறிவதே நல்லது. புளி, தக்காளி இரண்டும் வேக்காட்டைத் தடுப்பவை. மொச்சைப் புளிக்குழம்பில் மொச்சை தனியாக வெந்த பிறகே புளிக்கரைசலில் சேர வேண்டும்.

கோடையில் வெளியே ஊறவைத்தால் நுரைத்துப் புளிப்பு வாடை அடிக்கும், ஃபிரிட்ஜில் வையுங்கள். குக்கரில் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரை ஏறி விசில் துளையை அடைக்கும். ஊறிய வெள்ளைக் கடலைக்கு முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 15 நிமிடம் போதும். ஆவி தானாக அடங்கட்டும்.

ராஜ்மாவில் விளையாட்டு வேண்டாம். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு, நாலைந்து வேகாத கொட்டையிலேயே வாந்தி, வயிற்றுப்போக்கை வரவழைக்கும். ஸ்லோ குக்கரின் மிதமான சூடு அதை அழிக்காது, கூட்டவும் செய்யலாம். 5 மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பிரஷர் குக்கர் என்றால் பயமில்லை. டின் ராஜ்மா வெந்தே வருவதால் இந்தத் தொல்லை இல்லை; அந்த வகையில் டின்னுக்கு ஒரு மதிப்பெண்.

400 கிராம் டின்னை வடித்தால் கிடைப்பது 240 கிராம் அளவுதான். 100 கிராம் காய்ந்த கடலை ஏறக்குறைய அதே அளவு வெந்த கடலையைத் தந்துவிடும். டின் கடலையை வடித்து அலசினால் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கும். சாலட்டுக்கும், ஹம்மஸ் என்ற கடலை விழுதுக்கும் அது போதும். சுண்டலுக்கு எடுக்காதீர்கள், தாளித்துக் கிளறும்போதே தோல் கழன்று குழையும். உப்பிய டின்னைத் திறக்காமலே குப்பையில் போடுங்கள். மீந்ததை டின்னிலேயே வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

அவசரத்துக்கு டின்தான் வேண்டும் என்பவர்கள், அதை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளலாம். அரைக் கிலோ கடலையை ஒரே நாளில் வேகவைத்து, வெந்த நீரோடு ஐந்து டப்பாக்களில் பிரித்து ஃபிரீசரில் வைத்தால் மூன்று மாதம் தாங்கும். டப்பாவில் ஒரு விரற்கடை இடம் விடுங்கள், உறையும்போது நீர் விரியும்.

இப்படிக்கு,
சமையல் பயிற்றுநர்,
திருச்சி.