வெளிநாடு போகும் டொலருக்கு ஒரு பகிரங்கப் பதிவேடு வேண்டும்

மதிப்புக்குரிய இலங்கை மத்திய வங்கி ஆளுநர் அவர்களுக்கும் ஆளுகைச் சபை உறுப்பினர்களுக்கும்,

புறக்கோட்டையில் இறக்குமதி வியாபாரம் செய்பவன் நான். நம் கம்பனிகள் வெளிநாட்டில் முதலிடுவது எனக்கு மகிழ்ச்சிதான். ஆடைக் கம்பனியான பிராண்டிக்ஸ் இந்தியாவின் விசாகப்பட்டினத்துக்கும் கொமர்ஷல் வங்கி பங்களாதேஷுக்கும் போனது நாட்டுக்கே பெருமை. ஆனால் யாருக்கு, எதை வைத்து அனுமதி கிடைக்கிறது என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், குறித்த தொகை வரை வங்கி மூலமே அனுப்பலாம். அதைத் தாண்டினால் உங்கள் தனி அனுமதி வேண்டும். 2020 இல் நிதியமைச்சரின் கட்டளை வெளிநாட்டு முதலீடுகளை நிறுத்தியது. டொலர் தட்டுப்பாடு, சரி. ஆனால் கட்டளையிலேயே விதிவிலக்குகளும் இருந்தன. விதிவிலக்கு இருக்கும் இடத்தில்தான் செல்வாக்குக்கு வேலை.

அமைச்சருக்கு வேண்டியவருக்குத் தடை வரப்போவது முன்பே காதில் விழலாம். அரச வங்கிக் கடனும் இலகுவாகலாம். அதே செல்வாக்கு ஒரு கம்பனியை உள்ளூரிலேயே கட்டிப்போடவும் கூடும்: வரிவிலக்கும் தீர்வைப் பாதுகாப்பும் கையில் இருக்க, வெளியே போய்ப் போட்டியிட யாருக்கு மனம் வரும்? ஆட்சி மாறும்போலத் தெரிந்தால் மட்டும் பணத்துக்குக் கால் முளைக்கும். பெரிய திட்டங்களுக்கு வரிவிலக்குக் கொடுக்கும் 2008 ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டத்தை, வெளிப்படையான மதிப்பீட்டு முறை வரும்வரை நிறுத்திவைக்கும்படி சர்வதேச நாணய நிதியம் 2023 இல் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உள்ளே வரும் முதலீட்டிலும் இதையே கண்டோம். மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டம் போட்டி விலைமனு இல்லாமல் இந்தியாவின் அதானி குழுமத்துக்குப் போனது. இந்தியப் பிரதமரின் அழுத்தம் இருந்ததாக அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ தன்னிடம் சொன்னதாக மின்சார சபைத் தலைவர் 2022 ஜூனில் அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் கோப் குழுவில் கூறினார், ஜனாதிபதி மறுத்தார், தலைவர் சொன்னதை வாபஸ் வாங்கிப் பதவியும் விலகினார். 2025 பெப்ரவரியில் அதானியும் விலகியது. தெரிவு செய்த காரணங்கள் அன்றே எழுத்தில் வெளிவந்திருந்தால் இத்தனை ஊகத்துக்கு இடம் இருந்திருக்காது.

ஆகவே, நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தனி அனுமதியையும் வெளியிடுங்கள்: கம்பனியின் பெயர், உண்மையான உரிமையாளர், தொகை, நாடு, காரணம். பணிப்பாளர்களில் அரசியல் பதவி வகித்தவரோ அவர் உறவினரோ இருந்தால் அதையும். வியாபார இரகசியம் என்று சிலர் சொல்வார்கள். பங்குச்சந்தையில் உள்ள கம்பனிகள் பெரிய முதலீடுகளை ஏற்கெனவே அறிவிக்கத்தான் செய்கின்றன. இருட்டில் இருப்பவை பெரும்பாலும் குடும்பங்களின் கையில் உள்ள தனியார் கம்பனிகள்தான். மறுக்கப்பட்ட விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் காரணமும் அந்தப் பதிவேட்டில் வரட்டும்.

இப்படிக்கு,
புறக்கோட்டை வர்த்தகர் ஒருவர்
கொழும்பு 11