புதிய வைட் ரிசீவருக்கு அவகாசம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திங்கட்கிழமை விடியற்காலையில் கண்விழித்து அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் பினாங்குத் தமிழர்களுள் நானும் ஒருவன். முதலாண்டு வைட் ரிசீவர் (எறியப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் வீரர்) இரண்டு பந்துகளைத் தவறவிட்டாலே அவர் தேறமாட்டார் என்று நண்பர்கள் முடிவுகட்டுவது எனக்கு வருத்தமளிக்கிறது. 2023இல், அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் தேர்வான பூக்கா நகுவா, முதல் பருவத்திலேயே 105 பந்துகளைப் பிடித்து 1,486 யார்டுகள் தூரம் அணியை முன்னேற்றியது அரிய விதிவிலக்கு. அப்போது கிரீன் பே அணியில் ஆடிய டவாண்டே ஆடம்ஸோ தம் முதல் பருவமான 2014இல் 446 யார்டுகளே எடுத்து, மூன்றாம் ஆண்டில்தான் 997 யார்டுகளையும் 12 டச்டவுன்களையும் (எதிரணியின் இறுதிப் பகுதியில் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எட்டினார். தற்காப்பு வீரர் நிற்கும் நிலையைக் கண்டு ஓடும் பாதையை நொடியில் மாற்றவும், குவார்ட்டர்பேக் பந்தை எறியும் கணத்தோடு தம் காலடியைப் பொருத்தவும் வேகம் மட்டும் போதாது. தங்கள் விளையாட்டுப் பக்கம் இந்த நுணுக்கங்களையும் விளக்கி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு