மாங்கான்னா பெரிய கண்ணு மட்டும்தானா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்புல காமிக்ஸ் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஜப்பான் காமிக்ஸான மாங்காவை மட்டும் பெரிய கண்ணு, முள்ளு முள்ளா முடின்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க, அது அநியாயம் சார். டகேஹிகோ இனோவேயோட வாகபாண்ட் எடுத்துப் பாருங்க, 1998ல ஆரம்பிச்ச வாள்வீரன் முசாஷி கதை, முதல்ல பேனாவுல வரைஞ்சவரு போகப்போக பிரஷ்ஷுக்கே மாறிட்டாரு, அதுக்கப்புறம் ஒரு கோடு தடிச்சு ஆரம்பிச்சு மை வத்தி சொரசொரன்னு முடியுறது கூட அச்சுல தெரியும். இதே ஆளுதான் ஸ்லாம் டங்க்ங்கிற கூடைப்பந்து மாங்காவுல கடைசி மேட்ச்சோட கடைசி நொடிகளை கிட்டத்தட்ட வசனமே இல்லாம பக்கம் பக்கமா ஓட்டினவரு, படிக்கிற நமக்கே மூச்சு வாங்கும்.

கென்டாரோ மியுரா வேற ரகம். 1989ல தொடங்கின பெர்செர்க்ல கவசம், காடு, பேய்னு எல்லாத்துலயும் பொடிப்பொடியா கோடு, ஒரு இன்ச் கூட சும்மா விடமாட்டாரு. 2021ல போயிட்டாரு மனுசன். திகில் மாங்கா வரையுற ஜுன்ஜி இட்டோ முன்னாடி பல் டெக்னீஷியனா இருந்தவரு (எனக்கு அதுவே பயமா இருக்கு!), அமைதியா ஒரு முகத்தைக் காட்டிட்டு பக்கத்தைத் திருப்புனதும் தூக்கிவாரிப் போடுவாரு.

அடுத்த தடவை இவங்களப் பத்தி எழுதுனா படத்தை ஸ்டாம்ப் சைஸுல போட்டுறாதீங்க சார், அரைப் பக்கமாவது குடுங்க.

– ஒரு வாசகர், மதுரை